போர்க்காலப் படைத்தளக் கால்பந்து அணியின் சீசனைத் தேட ‘க்ரானிக்ளிங் அமெரிக்கா’ எவ்வளவு உதவும்?

‘க்ரானிக்ளிங் அமெரிக்கா’ என்பது அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் நடத்தும் பழைய நாளிதழ்ச் சேகரம். கட்டணம் கிடையாது, கணக்குத் திறக்கவும் வேண்டாம். பக்கங்களை முழு அளவில் இறக்கிக்கொள்ளலாம். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையும் விமானப்படையும் தங்கள் பயிற்சித் தளங்களிலிருந்து களமிறக்கிய அமெரிக்கக் கால்பந்து அணிகளின் சீசனை ஆட்டம் ஆட்டமாகத் திரட்ட நினைப்பவர்கள் முதலில் போகவேண்டிய இடம் இதுதான். ஒரே ஒரு எச்சரிக்கை: அதன் தேடல் பெட்டியை மட்டும் நம்பினால் சீசனில் பாதி கண்ணில் படாது. ஆட்டத் தேதிகளைக் கையில் வைத்துக்கொண்டு, நாட்காட்டி வழியாக இதழ் இதழாகத் திறப்பவர்களுக்குத்தான் இந்த இணையதளம் முழுப் பலன் தரும்.

சாதாரணக் கல்லூரி அணி என்றால் அந்தப் பல்கலைக்கழகமே ஆண்டுவாரியாகப் பதிவேடு வைத்திருக்கும். தள அணிகளுக்கு அந்த வசதி இல்லை. அயோவா ப்ரீ-ஃப்ளைட் (கடற்படை விமானிகளுக்கான தொடக்கப் பயிற்சிப் பள்ளி) அணியான ‘சீஹாக்ஸ்’ ஆடியது 1942, 1943, 1944 ஆகிய மூன்றே சீசன். போர் முடிந்ததும் பள்ளியும் இல்லை, அணியும் இல்லை, பதிவேட்டைக் காத்துவைக்க ஒரு விளையாட்டுத் துறையும் இல்லை. ஆனால் இவை ஏனோதானோ அணிகள் அல்ல. 1943 சீசனின் கடைசி அசோசியேட்டட் பிரஸ் (செய்தி நிறுவனம்) தரவரிசையில் நாடர் டேம் பல்கலைக்கழகத்துக்கு அடுத்த 2-ஆம் இடம் சீஹாக்ஸுக்கு. கிரேட் லேக்ஸ் கடற்படைப் பயிற்சி நிலையம் 6-ஆம் இடம், டெல் மான்டே ப்ரீ-ஃப்ளைட் 8, கலிபோர்னியாவின் மார்ச் ஃபீல்ட் விமானத் தளம் 10. அடுத்த ஆண்டு டெக்சாஸின் ராண்டால்ஃப் ஃபீல்ட் விமானத் தளம் 3, மேரிலாந்தின் பெயின்பிரிட்ஜ் கடற்படைத் தளம் 5, அயோவா ப்ரீ-ஃப்ளைட் 6. கல்லூரி நட்சத்திரங்களும் தொழில்முறை ஆட்டக்காரர்களும் ஒரே சீருடையில் நின்ற அணிகள் இவை. இவற்றைப் பற்றிய முதன்மை ஆவணம் என்றால் அன்றன்று அச்சான செய்தித்தாள்தான்.

இணையதளத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். தேசிய மனிதவியல் நிதியமும் லைப்ரரி ஆஃப் காங்கிரஸும் சேர்ந்து நடத்தும் திட்டத்தின் விளைவு இது. ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு நிறுவனம் நிதி பெற்று, தன் மாநில இதழ்களின் மைக்ரோஃபிலிமை வருடி அனுப்புகிறது. 2007-இல் பொதுப் பார்வைக்கு வந்தபோது எடுக்கப்பட்ட இதழ்கள் 1922-ஐத் தாண்டவில்லை. பிறகு அந்த எல்லை 1963 வரை நீண்டது. அமெரிக்கச் சட்டப்படி, 1963 வரை வெளியானவற்றுக்குப் பதிப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் அவை பொதுவுடைமை ஆகிவிடும். அந்த எல்லைக்குக் காரணம் இதுதான். இதன் மறுபக்கத்தையும் கவனிக்க வேண்டும். உரிமையை விடாமல் வைத்திருக்கும் பெரிய நாளிதழ்கள், குறிப்பாகத் தங்கள் காப்பகத்தைக் காசுக்கு விற்பவை, 1940களுக்கு இங்கே கிடைக்காது. கிரேட் லேக்ஸ் தளம் சிகாகோவுக்கு வடக்கே மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கிறது. அந்த அணியை அன்றாடம் பின்தொடர்ந்த சிகாகோ டிரிப்யூனை இங்கே தேடிப் பயனில்லை.

அப்படியானால் போர்க்காலத்துக்கு இங்கே எதை நம்புவது? வாஷிங்டனின் ‘ஈவினிங் ஸ்டார்’. இந்தச் சேகரத்தின் முதுகெலும்பே அதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. தலைநகரின் பெரிய நாளிதழ், ராணுவ வாசகர்கள் நிறைய, விளையாட்டுப் பக்கங்கள் தாராளம், போர் ஆண்டுகள் முழுக்க வரிசையாக இருக்கின்றன. அதற்கடுத்து ‘டெட்ராய்ட் ஈவினிங் டைம்ஸ்’. மத்திய மேற்குப் பல்கலைக்கழகங்களோடு தள அணிகள் மோதிய ஆட்டங்களுக்கு இது ஸ்டாரைவிட நெருக்கமான சாட்சி. 1944 செப்டம்பர் 16 அன்று மிச்சிகன் 12-7 என்று அயோவா ப்ரீ-ஃப்ளைட்டைத் தோற்கடித்த ஆட்டத்துக்கு எதை முதலில் திறப்பது என்று யோசிக்கவே வேண்டாம். தெற்குக்கு வட கரோலினாவின் ‘வில்மிங்டன் மார்னிங் ஸ்டார்’ உதவும். ஆனால் எல்லா மாநிலத்துக்கும் ஒரே ஆழத்தில் இதழ்கள் இல்லை. ஒரு மாநிலம் 1910 வரை கொடுத்துவிட்டு நின்றிருக்கும், இன்னொன்று 1950 வரை வந்திருக்கும். எனவே இதழ்ப் பட்டியலில் முதலில் 1942–1945 என்று ஆண்டை வடிகட்டி, அந்தக் காலத்துக்கு உண்மையிலேயே பக்கங்கள் இருக்கும் தலைப்புகளை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். இதழின் பெயருக்குப் பக்கத்தில் ‘1854–1972’ என்று போட்டிருந்தால் அது அந்த நாளிதழ் வெளிவந்த காலம். வருடப்பட்ட காலம் வேறு.

தேடல் பெட்டி ஏன் ஏமாற்றுகிறது என்பதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இங்கேதான் ‘ஒன்றும் கிடைக்கவில்லை’ என்று கையைக் கழுவுகிறார்கள்.

முதல் சிக்கல் பெயர். ‘கிரேட் லேக்ஸ்’ என்று 1943-க்குத் தேடினால் இரும்புத்தாது ஏற்றிய கப்பல்கள், ஏரிப் போக்குவரத்து, பயிற்சி முடித்த உள்ளூர்ப் பையன்களின் செய்தி என்று ஆயிரக்கணக்கில் வந்து குவியும். கால்பந்து அடியில் புதைந்துவிடும். ‘நேவி’ என்று தேடினால் அன்னாபொலிஸ் கடற்படை அகாடமியின் அணிதான் முன்னால் வரும், ஏனென்றால் விளையாட்டுப் பக்கத்தில் ‘நேவி’ என்றாலே அது அந்த அணிதான். ‘அயோவா’ இன்னும் மோசம். அயோவா பல்கலைக்கழக அணியும் ப்ரீ-ஃப்ளைட் அணியும் ஒரே அயோவா சிட்டியில் இருந்தவை, ஒரே மைதானத்தைப் பகிர்ந்தவை, ஒருவரோடொருவர் மோதியும் இருக்கின்றன. தலைப்பு எழுதுபவர் இடம் போதாமல் ‘அயோவா’ என்று மட்டும் போட்டிருந்தால் எந்த அணி என்று செய்தியைப் படித்தால்தான் தெரியும். ‘ப்ரீ-ஃப்ளைட்’ என்பதை நடுக்கோட்டோடும் கோடில்லாமலும் எழுதியிருக்கிறார்கள். போதாததற்கு வட கரோலினா, ஜார்ஜியா, செயின்ட் மேரிஸ், டெல் மான்டே என்று மற்ற ப்ரீ-ஃப்ளைட் பள்ளிகளும் அணி வைத்திருந்தன. செய்தியாளர்கள் இவர்களை ‘சீஹாக்ஸ்’, ‘கேடட்கள்’, ‘மாலுமிகள்’, ‘ப்ளூஜாக்கெட்ஸ்’ என்று மனம்போல் மாற்றி மாற்றி அழைத்தார்கள்.

இதற்கு வழி: அணியின் பெயரைத் தேடாமல் பயிற்சியாளரின் பெயரையும் எதிரணியின் பெயரையும் ஜோடியாகத் தேடுவது. 1943 கிரேட் லேக்ஸுக்கு ‘ஹிங்கிள்’, 1944, 1945-க்கு ‘பால் பிரவுன்’. அயோவா ப்ரீ-ஃப்ளைட்டுக்கு 1942-இல் ‘பியர்மன்’, 1943-இல் ‘ஃபாரோ’, 1944-இல் ‘மேகர்’. ராண்டால்ஃப் ஃபீல்டுக்கு ‘ட்ரிட்டிகோ’. மேம்பட்ட தேடலில் இரு சொற்களும் ஒன்றுக்கொன்று அருகில் வரவேண்டும் என்று கட்டுப்படுத்தும் வசதி இருக்கிறது. அதை 10 சொல் தொலைவில் வையுங்கள். 5 என்று இறுக்கினால் நல்ல செய்திகளும் தப்பும். 100 என்று விட்டால் பக்கத்துப் பத்தியின் மளிகை விளம்பரமும் சேர்ந்து வரும்.

இரண்டாவது சிக்கல் எழுத்துணரி, அதாவது பக்கத்தின் படத்தைத் தேடக்கூடிய உரையாக மாற்றும் மென்பொருள். அந்தக் காலத்து நாளிதழில் ஒரு பக்கத்துக்கு எட்டு குறுகிய பத்திகள். நீண்ட பெயர் வரியின் ஓரத்தில் உடைந்து அடுத்த வரிக்குப் போகும். உடைந்த பாதிகளை எழுத்துணரி தனித்தனிச் சொற்களாக எடுத்துக்கொண்டால் முழுப் பெயரைத் தேடுபவருக்கு அந்த இடம் அகப்படாது. விளையாட்டுப் பக்கத்தின் புள்ளிவிவரங்களோ பொடி எழுத்தில் அச்சானவை. மைக்ரோஃபிலிமில் மை பரவி, 3-உம் 8-உம் ஒன்றுபோல் நிற்கும், சுழியம் ‘ஓ’ ஆகிவிடும். பெயருக்கும் எண்ணுக்கும் நடுவில் இடத்தை நிரப்ப வைத்த புள்ளி வரிசையை எழுத்துணரி ஏதேதோ குறிகளாகப் படித்துப் பெயரோடு ஒட்டிவிடும். ஆட்டக்காரரின் குடும்பப் பெயரைத் தேடினால் செய்தியில் கிடைப்பதும் பட்டியலில் கிடைக்காமல் போவதும் இதனால்தான்.

ஆகவே நாட்காட்டி. வேலை செய்யும் முறை இது.

ஒரு தாளில் சீசனின் தேதிகளை எழுதிக்கொள்ளுங்கள். கல்லூரிகளோடு நடந்த ஆட்டங்கள் பெரும்பாலும் சனிக்கிழமை. மேற்குக் கரையின் தள அணிகள் ஞாயிற்றுக்கிழமையிலும் ஆடின. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மூன்று இதழ்களைத் திறக்க வேண்டும்: முந்தைய நாளோ ஆட்ட நாளோ, அதில் களமிறங்கப்போகிறவர்களின் உத்தேசப் பட்டியல் இருக்கும், ஆட்டத்துக்கு அடுத்து வரும் முதல் இதழ், அதில் செய்தி, அதற்கு அடுத்த நாள், அதில் விமர்சகரின் பத்தியும் காயச் செய்திகளும். தரவரிசை வாரத்தின் தொடக்கத்தில் வரும், அதையும் இந்த மூன்றாவது இதழோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம். 10 அல்லது 12 ஆட்டம் கொண்ட சீசனுக்கு 30 முதல் 36 இதழ்கள். ஒரு இதழில் விளையாட்டுப் பக்கங்கள் எந்த இடத்தில் வருகின்றன என்று இரண்டு இதழ் பார்த்தால் பிடிபட்டுவிடும், பிறகு நேராக அந்தப் படத்துக்குத் தாவலாம்.

ஸ்டார் மாலை நாளிதழ் என்பதை மறந்துவிடக்கூடாது. சனிக்கிழமை இதழ் ஆட்டம் முடியும் முன்பே அச்சேறிவிடும், அதில் முடிவு இருக்காது. ஞாயிறு காலை வரும் ‘சண்டே ஸ்டார்’தான் சனி ஆட்டத்துக்கான இதழ். 1943 நவம்பர் 27, சனிக்கிழமை. கிரேட் லேக்ஸ் தன் சொந்தத் தளத்தில் நாடர் டேமை 19-14 என்று கவிழ்த்த நாள். நீங்கள் திறக்கவேண்டியது நவம்பர் 28 இதழ். அதற்கு முந்தைய சனிக்கிழமை, நவம்பர் 20, நாடர் டேம் 14-13 என்று அயோவா ப்ரீ-ஃப்ளைட்டை ஒரே புள்ளியில் வென்றது. அதற்கு நவம்பர் 21. கலிபோர்னியாவில் ஆடிய எல் டோரோ, மார்ச் ஃபீல்ட் போன்ற அணிகளுக்கு இன்னொரு கவனம் வேண்டும். மேற்குக் கரையில் பிற்பகல் ஆட்டம் முடியும்போது வாஷிங்டனில் இரவாகிவிடும். ஒரு நாளுக்குப் பல பதிப்புகள் அச்சாகியிருந்தாலும் மைக்ரோஃபிலிமில் பெரும்பாலும் ஒரு பதிப்புதான் பிழைத்திருக்கிறது. அது முதல் பதிப்பாக இருந்துவிட்டால் முடிவுகளின் பட்டியலில் அந்த ஆட்டமே இருக்காது, அல்லது இடைவேளை ஸ்கோரோடு நின்றிருக்கும். அதை இறுதி ஸ்கோர் என்று எடுத்து எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. திங்கள் இதழைப் பார்க்காமல் மேற்குக் கரை ஆட்டம் எதையும் பதிவு செய்யாதீர்கள்.

ஸ்கோரைச் சரிபார்க்க ஒரு எளிய கணக்கு உண்டு. டச்டவுனுக்கு (எதிரணியின் கடைசி எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது) 6, அதைத் தொடர்ந்த உதைக்கோ ஓட்டத்துக்கோ 1, ஃபீல்ட் கோலுக்கு (கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) 3, சேஃப்டிக்கு (பந்தோடு இருப்பவரை அவர் அணியின் சொந்த எல்லைக்குள்ளேயே மடக்குவது) 2. டச்டவுனுக்குப் பின் இரண்டு புள்ளி எடுக்கும் விதி கல்லூரி ஆட்டத்துக்கு 1958-இல்தான் வந்தது, ஆகவே போர்க்காலத்துக்கு அது கணக்கில் கிடையாது. மேலே சொன்ன 19-14 ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். கடைசி நிமிடங்களில் நாடர் டேம் 14-12 என்று முன்னேறியிருந்தது. இரண்டு டச்டவுன், இரண்டு கூடுதல் புள்ளி, 14. கிரேட் லேக்ஸின் 12 என்பது இரண்டு டச்டவுன், இரண்டு கூடுதல் புள்ளியும் தவறியது. ஆட்டம் முடிய 33 வினாடி இருக்கும்போது ஸ்டீவ் லாக் எறிந்த பந்தைப் பால் ஆண்டர்சன் பிடித்து டச்டவுன், கூடுதல் புள்ளியும் சேர 19. செய்தியில் வரும் புள்ளி எடுத்தோர் பட்டியல் இப்படிக் கூட்டிப் பார்த்து ஒத்துவர வேண்டும். ஒத்துவராவிட்டால் பழி எழுத்துணரி மீதா அச்சுக்கோத்தவர் மீதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். தந்தியில் வந்து அவசரமாக அச்சுக்கோக்கப்பட்ட பட்டியல்களில் இரண்டுமே சகஜம்.

களமிறங்கியோர் பட்டியலைப் படிக்கவும் பழக்கம் வேண்டும். இடது எண்ட், இடது டாக்கிள், இடது கார்டு, சென்டர், வலது கார்டு, வலது டாக்கிள், வலது எண்ட், குவாட்டர்பேக், இடது ஹாஃப், வலது ஹாஃப், ஃபுல்பேக் என்று பதினொரு வரிகள். ஒரு பக்கம் நிலையின் சுருக்கெழுத்து, அடுத்து இரு அணிகளின் குடும்பப் பெயர்கள். எழுத்துணரி சில நேரம் குறுக்காகப் படிக்கும், சில நேரம் நெடுகப் படிக்கும், சில நேரம் பாதியில் மனம் மாறும். அந்த உரையை வெட்டி ஒட்டினால் ஒரு அணியின் கார்டு இன்னொரு அணியின் டாக்கிளாகிவிடுவார். பட்டியலைக் கையால் தட்டச்சு செய்வதுதான் வேகமான வழி, நம்புங்கள். இதற்குக் கீழே மாற்று ஆட்டக்காரர்கள் நீளமாக வருவார்கள். 1941-இலிருந்து மாற்று ஆட்டக்காரர்களை வேண்டியபோது இறக்கும் சுதந்திரம் கிடைத்திருந்தது, தள அணிகளில் ஆளுக்கும் பஞ்சமில்லை.

குடும்பப் பெயர் மட்டும் இருப்பதால் ஆள் மாறாட்டம் எளிது. செய்தியில் ‘முன்பு இன்ன பல்கலைக்கழகத்தில் ஆடியவர்’ என்று எங்காவது ஒரு வரி இருக்கும். அதைப் பிடித்து அந்தப் பல்கலைக்கழகத்தின் பழைய அணிப் பட்டியலோடு ஒத்துப்பார்க்க வேண்டும். பெயருக்கு முன்னால் வரும் பதவியையும் குறித்துக்கொள்ளுங்கள். என்சைன், லெப்டினன்ட் என்ற அதிகாரிப் பதவி வந்தால் பயிற்சியாளராகவோ பயிற்றுநராகவோ தளத்தில் இருந்தவராக இருக்க வாய்ப்பு அதிகம். கேடட் (பயிற்சி மாணவர்) என்றால் சில மாதத்தில் அடுத்த கட்டப் பயிற்சிக்குப் போய்விடுவார்.

இதிலிருந்து ஒரு விஷயம் பின்தொடர்கிறது. தள அணிக்கு ‘சீசன் அணி’ என்று ஒரு பட்டியல் கிடையாது. செப்டம்பரில் தொடங்கியவர் அக்டோபரில் மாற்றலாகிப் போவார். எதிரணிகளுக்கும் அதே கதிதான்: 1943-இல் நாடர் டேமின் ஏஞ்சலோ பெர்ட்டெல்லி ஆறு ஆட்டத்தோடு மரீன் படைக்குப் புறப்பட்டார், மீதிக்கு ஜானி லுஜாக் வந்தார். ஆகவே பெயர்ப் பட்டியலைச் சீசனுக்கு ஒன்று என்று வைக்காமல் ஆட்டத்துக்கு ஒன்று என்று வைக்க வேண்டும். யார் எந்தத் தேதிக்குப் பின் காணவில்லை என்பது தானே தெரிந்துவிடும். ஏன் காணவில்லை என்பதை நாளிதழ் பெரும்பாலும் சொல்லாது. படை நகர்வுகள் பற்றி எழுதக்கூடாது என்று 1942 ஜனவரியில் தணிக்கை அலுவலகம் பத்திரிகைகளுக்கு நெறிமுறை கொடுத்திருந்தது. அதே நெறிமுறையில் வானிலைச் செய்திக்கும் கட்டுப்பாடு இருந்தது, 1943 அக்டோபரில்தான் அது தளர்ந்தது. 1942 ஆட்டச் செய்தியில் மழை பற்றி ஒன்றும் இல்லை என்பதற்காக மைதானம் காய்ந்து கிடந்தது என்று முடிவு கட்டிவிடக்கூடாது.

இந்தச் சேகரத்தின் மிகப்பெரிய ஓட்டை, தளத்துக்கும் தளத்துக்கும் இடையே நடந்த ஆட்டங்கள். நாடர் டேமோ ஒஹையோ ஸ்டேட்டோ எதிரில் இருந்தால் தந்திச் செய்தி நாடு முழுக்கப் போயிருக்கும். ஸ்டாரிலும் டெட்ராய்டிலும் அரைப் பத்தியாவது கிடைக்கும். இரண்டு முகாம்கள் தங்களுக்குள் ஆடினால் ‘இது 28, அது 13’ என்று ஒரு வரி, அவ்வளவுதான். 1943-இலிருந்து செய்தித்தாள் காகிதத்துக்கு அரசு அளவு கட்டியது. பக்கங்கள் குறைந்தன, முதலில் கத்தரி விழுந்தது இந்த மாதிரிச் செய்திகள் மீதுதான். அந்த ஒரு வரி ஸ்கோருக்கு ஒரே நாளிதழை ஆதாரமாக வைப்பது ஆபத்து. குறைந்தது இரண்டு நகரத்து இதழ்களில் ஒரே எண் இருக்க வேண்டும். இரண்டுமே ஒரே தந்தியை எடுத்திருந்தால் ஒரே பிழையையும் எடுத்திருக்கும் என்பதால், முடிந்தால் ஒன்று அந்தத் தளத்துக்கு அருகிலுள்ள ஊர் இதழாக இருப்பது நல்லது. பெயின்பிரிட்ஜுக்கு அப்படி ஒன்று இந்தச் சேகரத்திலேயே உண்டு: மேரிலாந்தில் அதே செசில் கவுண்டியின் ரைசிங் சன் ஊரிலிருந்து வந்த ‘மிட்லேண்ட் ஜர்னல்’. அது வாரப் பத்திரிகை, ஆட்ட விவரங்களைவிடத் தளத்தைச் சுற்றிய வாழ்க்கைக்குத்தான் அதிகம் உதவும்.

சீசன் கணக்கை முடிக்கும்போது வெற்றி-தோல்வி எண் புத்தகத்துக்குப் புத்தகம் மாறுவதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். பயிற்சி ஆட்டத்தைச் சேர்ப்பதா, டிசம்பரில் நடந்த போர்க்கடன் திரட்டும் ஆட்டத்தைச் சேர்ப்பதா என்பதில்தான் வித்தியாசம். ராண்டால்ஃப் ஃபீல்ட் 1944 டிசம்பர் 16 அன்று நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸில் ‘ட்ரெஷரி பாண்ட் பௌல்’ ஆட்டத்தில் இரண்டாம் விமானப்படை அணியை 13-6 என்று வென்றது. அசோசியேட்டட் பிரஸின் கடைசித் தரவரிசை அதற்கு முன்பே வெளியாகிவிட்டது. தரவரிசை நாளின் எண்ணையும் சீசன் இறுதி எண்ணையும் தனித்தனியே எழுதி, எது எந்தத் தேதி வரைக்கும் என்று குறித்துவிட்டால் சண்டையே இல்லை. 1944 ஜனவரி 1 அன்று காட்டன் பௌலில் ராண்டால்ஃப் ஃபீல்ட் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தோடு 7-7 என்று சமன் செய்த ஆட்டத்தையும் இப்படித்தான் 1943 சீசன் கணக்கில் வைக்க வேண்டும். காலண்டர் ஆண்டைத் தேடல் வடிகட்டியில் 1943 என்று போட்டவர்களுக்கு இது கிடைக்கவே கிடைக்காது. எப்போதும் செப்டம்பர் 1 முதல் ஜனவரி 10 வரை என்று தேதி வரம்பு கொடுங்கள்.

பக்கத்தைச் சேமிப்பதில் தளம் நன்றாகவே இருக்கிறது. பி.டி.எஃப். கோப்பில் எழுத்துணரி உரை உள்ளே ஒட்டியிருக்கும், வாசிக்கவும் தேடவும் அது போதும். பொடி எழுத்துப் பட்டியலுக்கு மட்டும் ஜே.பி.2 கோப்பை இறக்குங்கள், ஜே.பெக். சுருக்கத்தில் 3-க்கும் 8-க்கும் இருக்கும் கொஞ்சநஞ்ச வித்தியாசமும் கரைந்துவிடும். ஜே.பி.2 பல மெகாபைட் எடுக்கும், எல்லாப் படப் பார்வை மென்பொருளிலும் திறக்காது, கிம்ப் என்ற இலவச மென்பொருளில் திறக்கும். வருடியது மைக்ரோஃபிலிமிலிருந்து 300–400 டி.பி.ஐ. அளவில் என்பதால் எல்லை அந்த ஃபிலிம்தான். தைத்த தொகுதியைப் படமெடுத்த இடங்களில் உள் ஓரத்துப் பத்தி நிழலில் மூழ்கியிருந்தால் எந்தக் கோப்பு வடிவமும் காப்பாற்றாது. கோப்புக்குப் பெயர் வைக்கும்போது தேதி, இதழ், பட எண், அச்சான பக்க எண் நான்கையும் சேருங்கள். தளம் படங்களை 1, 2, 3 என்று எண்ணுகிறது. ஞாயிறு இதழோ பிரிவு எழுத்தோடு பக்க எண் போடுகிறது. இரண்டையும் குழப்பினால் மேற்கோளைச் சரிபார்ப்பவர் வேறு பக்கத்தில் போய் நிற்பார்.

இந்தத் தளம் தனி இணைய முகவரியிலிருந்து நூலகத்தின் பொதுத் தளத்துக்குள் நகர்த்தப்பட்டிருக்கிறது. புதிய வடிவம் பார்க்க அழகு, ஆனால் ஒரு தேடலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் பழையதைவிட ஒரு சொடுக்கு அதிகம். மொத்தமாகத் தரவு எடுக்க நிரல் எழுதுபவர்கள் வேண்டுகோள்களுக்கு இடையே இடைவெளி விட வேண்டும், அளவு மீறினால் தளம் கொஞ்ச நேரம் கதவைச் சாத்திவிடும். எழுத்துணரிப் பிழையை வாசகர் திருத்தும் வசதி இங்கே இல்லை என்பது உண்மையிலேயே குறை. கலிபோர்னியா டிஜிட்டல் நியூஸ்பேப்பர் கலெக்‌ஷனில் அந்த வசதி இருக்கிறது. யாரோ ஒரு விளையாட்டுப் பித்தர் பட்டியலைத் திருத்தி வைத்திருந்தால் அடுத்தவருக்கு வேலை மிச்சம்.

அணி எது என்பதைப் பொறுத்து இரண்டாவது வாசல் மாறும். மார்ச் ஃபீல்ட், எல் டோரோ, ஃப்ளீட் சிட்டி போன்ற கலிபோர்னியா அணிகளுக்கு இப்போது சொன்ன கலிபோர்னியா சேகரம். அதிலுள்ள ‘சான் பெர்னார்டினோ சன்’ மார்ச் ஃபீல்டுக்குப் பக்கத்து ஊர் நாளிதழ். ராண்டால்ஃப் ஃபீல்டுக்கு வட டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ‘போர்ட்டல் டு டெக்சாஸ் ஹிஸ்டரி’. கிரேட் லேக்ஸ் இல்லினாய் அணிகளோடு ஆடியதற்கு இல்லினாய் பல்கலைக்கழகத்தின் டிஜிட்டல் சேகரம். நாடர் டேம் ஆட்டங்களுக்கு அந்தப் பல்கலைக்கழகக் காப்பகத்திலுள்ள ‘ஸ்காலஸ்டிக்’ மாணவர் இதழ். வட கரோலினா ப்ரீ-ஃப்ளைட்டுக்கு அதிர்ஷ்டம் அதிகம்: அந்தத் தளத்தின் சொந்தப் பத்திரிகையான ‘க்ளவுட்பஸ்டர்’ டிஜிட்டல்என்.சி. தளத்தில் இருக்கிறது. எல்லாமே இலவசம். அயோவா ப்ரீ-ஃப்ளைட்டுக்கு மட்டும் வரிசையை மாற்றிவிடலாம். ‘டெய்லி அயோவன்’ மாணவர் நாளிதழை அயோவா பல்கலைக்கழக நூலகம் முழுதாக இணையத்தில் வைத்திருக்கிறது. அணி ஆடிய அதே ஊரின் நாளிதழ் அது. அதை முதலில் படித்துத் தேதிகளையும் பெயர்களையும் எடுத்துக்கொண்டு, வெளியூர் ஆட்டங்களைச் சரிபார்க்க மட்டும் க்ரானிக்ளிங் அமெரிக்காவுக்கு வந்தால் நேரம் பாதியாகக் குறையும்.